ஊரின் முன்பக்கம்

ஜனவரி 20, திங்கள்

தினமும் ஏதாவது எழுதச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. "ரெண்டு வரி போதும் சார். யாருக்கும் காட்ட வேணாம். எனக்கும்தான்" என்றார்.

சரி. பெயர் தேவநேசன். மின்சார ரயிலில் மோட்டார்மேன். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் இருபத்திரண்டு வருடமாக வண்டி ஓட்டுகிறேன். இப்போது லீவில் இருக்கிறேன். பொங்கலுக்கு முந்தைய வாரம், பழவந்தாங்கல் தாண்டியதும் வண்டியைச் சட்டென்று நிறுத்த வேண்டிவந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வண்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை டாக்டரம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டேன். அவர் தலையை மட்டும் ஆட்டுகிறார்.

அவரைப் பார்த்துவிட்டு எழும்பூரில் பஸ் ஏறினேன். முதல் சிக்னலில் டிரைவர் பிரேக் போட்டார். என் வலது கை கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பஸ் நகர்ந்த பிறகும் விடவில்லை. "பெரியவரே, உடம்புக்கு எதுனா பண்ணுதா?" என்றார் கண்டக்டர். எனக்கு ஐம்பத்தொன்றுதான் ஆகிறது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, புரசைவாக்கம் வரை நடந்தே வந்தேன்.

"ஏன் இவ்ளோ நேரம்?" என்றாள் என் மனைவி ஹெப்சி.

"காத்தாட நடந்து வந்தேன்."

நடப்பது உடம்புக்கு நல்லது.

ஜனவரி 21, செவ்வாய்

கத்திரிக்காய் வாங்கி வந்தேன். பாதி சொத்தை.

ஜனவரி 23, வியாழன்

விடியற்காலையில் தெருவெல்லாம் பனி. ஹெப்சி எழுவதற்கு முன்பே கிளம்பிவிட்டேன். எங்கே போவது என்ற யோசனை இல்லை; கால் சேத்துப்பட்டுப் பக்கம் போயிற்று.

சேத்துப்பட்டு எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் எத்தனை தடவை நின்றிருக்கிறேன் அங்கே! ஆனால் நின்றதெல்லாம் ஆட்கள் ஏறி இறங்கும் நேரம்தான். அந்த ஸ்டேஷனுக்கு வாசல் எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஒரு பெண்மணியிடம் கேட்டேன். அவர் கையைக் காட்டிவிட்டு, "ஊருக்குப் புதுசா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பொய் என்று தோன்றவில்லை.

பக்கத்திலேயே ஏரி இருந்தது. தண்ணீரின் மேல் பனி படுத்துக் கிடந்தது. கரை தெரியவில்லை. நாரை ஒன்று நிற்பது மட்டும் தெரிந்தது; அதுவும் பாதிதான். கால்கள் இல்லாமல் காற்றில் வைத்தது போல் இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து ரயில் சத்தம் வந்தது. நான் ஓட்டாத ரயில். சத்தம் தேயும் வரை மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிட்டேன். மிக்ஸி வயரை மாற்றிக் கொடுத்தேன்.

ஜனவரி 25, சனி

ரயிலிலிருந்து பார்த்தால் இந்த ஊருக்கு முகம் கிடையாது. எல்லா வீடும் ரயிலுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கிறது. அடுக்களை ஜன்னல், உலர்கிற பாவாடை, துருப்பிடித்த ஏணி, தண்ணீர்த் தொட்டி. இருபத்திரண்டு வருடம் ஊரின் முதுகையே பார்த்திருக்கிறேன்.

நுங்கம்பாக்கத்துக்கும் கோடம்பாக்கத்துக்கும் நடுவில் ஒரு மாடி வீடு. பின்சுவர் முழுக்க நீலம். கடல் நீலம் இல்லை, இங்க் நீலம். மொட்டை மாடியில் ஒருவர் தினமும் மாலையில் கர்லாக்கட்டை சுற்றுவார். வருடக்கணக்காக அவரைப் பார்க்கிறேன். முடி நரைத்ததைக்கூடப் பார்த்தேன். இன்று அந்த வீட்டின் முன்பக்கத்தைத் தேடிப் போனேன்.

சந்துகள் என்னைச் சுற்றவிட்டன. ஒரு தெருவில் மாவு மில் வாசனை, அடுத்த தெருவில் யாரோ வீணை பழகும் சத்தம், அதற்கடுத்த தெரு முழுக்க ஒரே மரத்தின் நிழல். எங்கே திரும்பினாலும் தூரத்தில் தண்டவாளம் அதிர்வது காலுக்குத் தெரிந்தது. அதை வைத்துத்தான் திசை பிடித்தேன். வெயில் ஏறிய பிறகு வீடு கிடைத்தது. முன்பக்கம் வெறும் வெள்ளை. வாசலில் இரண்டு செம்பருத்திச் செடி.

ஒரு அம்மாள் எட்டிப் பார்த்து, "யாரு வேணும்?" என்றார்.

"யாரும் வேணாம்மா. உங்க வீட்டுப் பின்பக்கம் எனக்கு நல்லாத் தெரியும். முன்பக்கம் எப்படி இருக்கும்னு பாக்க வந்தேன்."

அவர் கதவைச் சாத்திக்கொண்டார். வேறென்ன செய்வார், பாவம். திரும்பி நடக்கும்போது தன்னந்தனியாகச் சிரித்தேன். இந்த மாதத்தில் முதல் சிரிப்பு.

ஜனவரி 29, புதன்

மாம்பலம். சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து இறங்குகிற கூட்டம் ரங்கநாதன் தெருவுக்குள் கொட்டுவதைப் படிக்கட்டுக்குக் கீழே நின்று பார்த்தேன். நடுத்தர வயதுப் பெண்கள் எத்தனை பேர்! எல்லார் கையிலும் சாப்பாட்டுப் பை. துணிப்பை, கூடைப்பை, ஜிப் வைத்த பை. பச்சைக் கட்டம் போட்ட பை ஒன்றும் வரவில்லை.

ஹெப்சிக்கு முழங்கால் வலி. தைலம் வாங்கி வந்தேன்.

பிப்ரவரி 1, சனி

சைதாப்பேட்டையில் ஆற்றைப் பார்த்தேன். வண்டியில் போகும்போது அடையாறு என்பது ஒரு மூச்சு. சத்தம் மாறும், வெளிச்சம் மாறும், முடிந்துவிடும். இன்று பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு நெடுநேரம் நின்றேன். ஆறு ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. ஒரு செருப்பு மிதந்து வந்தது. கண்ணுக்கு எதிரேதான் இருந்தது. எப்போது கடந்து போனது என்று சொல்ல முடியாது. அவ்வளவு மெதுவாகவும் ஒன்று போக முடியும்.

பக்கத்து ரயில் பாலத்தில் வண்டி போயிற்று. முன்னால் இருந்த முகம் தெரியவில்லை; கண்ணாடியில் வானம்தான் தெரிந்தது. என்னையும் வெளியிலிருந்து யாரும் பார்த்திருக்க முடியாது.

பிப்ரவரி 3, திங்கள்

கிண்டி. அதற்கு மேல் போகவில்லை. வெயில்.

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று ஹெப்சி கேட்டுவிட்டாள். எழுதித்தான் ஆக வேண்டும்.

பக்கத்து வீட்டு மார்த்தா அக்கா என்னை மாம்பலத்தில் பார்த்திருக்கிறார். "உன் வூட்டுக்காரரு படிக்கட்டுகிட்ட நின்னு வர்ற போற பொம்பளைங்களையே பாத்துனு இருந்தாரு" என்று சொல்லியிருக்கிறார். ஹெப்சி சாயங்காலம் காபியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"யாரைத் தேடுறீங்க?"

"யாரையும் இல்ல."

"இருபத்தஞ்சு வருஷமா உங்க பொய்யைக் கேட்டுட்டு இருக்கேன். இது நல்லாவே இல்ல. தினமும் நடக்குறீங்க. சேத்துப்பட்டு, கோடம்பாக்கம், சைதாப்பேட்டைன்னு ஒவ்வொண்ணா போறீங்க. கிண்டியோட திரும்பிடுறீங்க. அதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

காபி ஆறிப்போயிற்று. அப்புறம் சொன்னேன்.

பளிச்சென்று வெயில் அடிக்கிற மாலை. ஒரு பெண் தண்டவாளத்தைக் கடக்க வந்தாள். கடப்பவர்கள் ஓடுவார்கள், இவள் ஓடவில்லை. கையிலிருந்த பச்சைக் கட்டம் போட்ட பையைக் குனிந்து, இரண்டு கையாலும் பிடித்து, ஜல்லி மேல் மெதுவாக வைத்தாள். தூங்கும் பிள்ளையைப் படுக்க வைப்பது போல. பிறகு நிமிர்ந்து தண்டவாளத்தின் நடுவில் வந்து என்னைப் பார்த்து நின்றாள். நான் பிரேக் போட்டேன். அந்த வேகத்தில் வண்டி உடனே நிற்காது. சறுக்கிக்கொண்டே போகும். நான் அவளைப் பார்த்துக்கொண்டே அவளை நோக்கிப் போனேன். நின்றபோது அவளுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம்தான் இருந்தது. அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பையை எடுத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் போய்விட்டாள்.

"பின்பெட்டியில இருக்கிற கார்டு போன்ல கேட்டாரு. ட்ராக்ல ஆளு, போயாச்சுன்னு சொன்னேன். தாம்பரம் வரைக்கும் ஓட்டிட்டுப் போனேன். அங்க கைப்பிடியிலேர்ந்து கையை எடுக்க முடியல. என்கூட வண்டி ஓட்டுற சம்பத்துதான் வந்து ஒவ்வொரு விரலாப் பிரிச்சான்."

"அவங்கதான் பொழச்சிட்டாங்களே."

"அன்னிக்கு. அதுக்கு அடுத்த நாள்? அதுக்கு அடுத்த நாள்?"

ஹெப்சி என் டம்ளரைத் தன் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னொண்ணு ஹெப்சி. நான் ஹாரன் கூட அடிக்கல. யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். சத்தமே இல்ல. ஒரு மனுசி எதிர்ல நிக்கிறா, நான் வாயைத் திறக்கல."

அவள் எழுந்து போய் காபியைச் சுடவைத்துக் கொண்டுவந்தாள். "சனிக்கெழம போலாம்" என்றாள்.

"எங்க?"

"கிண்டிக்கு அந்தப் பக்கம். என் காலுக்கு அவ்ளோ தூரம் நடக்க முடியாது. நான் ரயில்ல வந்து கிண்டில உக்காந்திருக்கேன். நீங்க நடந்து வாங்க."

பிப்ரவரி 8, சனி

விடிந்ததும் கிளம்பினேன். கிண்டி ஸ்டேஷன் வாசலில் எலுமிச்சை சாதப் பொட்டலத்தோடு ஹெப்சி உட்கார்ந்திருந்தாள். கல்யாணத்துக்கு முன்பு இப்படி அவள் எனக்காகக் காத்திருந்ததில்லை. இரண்டு வீட்டாரும் பேசி முடித்த கல்யாணம். தூரத்திலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டே நடந்து போவது புதிதாக இருந்தது. அவளும் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு பேருக்கும் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது.

சாப்பிட்டு நடந்தோம். பரங்கிமலை வரை பேச்சு வந்தது.  விமானம் ஒன்று தலைக்கு மேல் தாழ இறங்கியது. அதன் நிழல் எங்கள் மேல் ஏறி, சுவரில் ஏறி, போய்விட்டது. பழவந்தாங்கலுக்கு அப்பால், வேலிக்கு வெளியே நின்று அந்த இடத்தைப் பார்த்தோம். ஜல்லி. காய்ந்த புல். ஒரு வெள்ளாடு. வேறொன்றும் இல்லை. நான் எதை எதிர்பார்த்தேன் என்று தெரியவில்லை.

பூக்கடையிலும் டீக்கடையிலும் ஹெப்சி விசாரித்தாள். பச்சைப் பை வைத்திருக்கும் பெண்ணை யாருக்குத் தெரியும்?

"அன்னிக்கு என்ன நேரம்?" என்றாள் ஹெப்சி.

"அஞ்சரை இருக்கும்."

"கையில சாப்பாட்டுப் பை. அப்ப வேலைக்குப் போய்ட்டு வீட்டுக்கு வர்ற பொம்பள. வேலைக்குப் போறவ அதே நேரத்துக்குத்தான் திரும்பி வருவா. நாம அந்த நேரத்துக்கு வந்து ஸ்டேஷன்ல உக்காருவோம்."

இது எனக்குத் தோன்றவே இல்லை. கண்ட இடத்தில் தேடியிருக்கிறேன். கிடைத்துவிடுவாள் என்ற இடத்தைத் தவிர.

பிப்ரவரி 12, புதன்

கேஸ் சிலிண்டர் வந்தது. ஹெப்சியின் முழங்கால் வீங்கியிருக்கிறது. சனிக்கிழமை போக வேண்டாம் என்றேன். "போறோம்" என்றாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. இன்று கோவிலுக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

ஹெப்சி ரயிலிலும் நான் நடந்தும் போய்ச் சேர்ந்து, பழவந்தாங்கல் பிளாட்பாரத்தில், கடைசி பெஞ்சில், நாலு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தோம். வண்டிகள் வந்தன, போயின. ஒவ்வொன்று வரும்போதும் என் கை ஹெப்சியின் கையைத் தேடிற்று. வெயில் மஞ்சளாகி, பிறகு தேன் நிறமாகி, தண்டவாளம் இரண்டும் உருகிய நெய் மாதிரி மினுங்கின. பிளாட்பாரம் முழுவதும் தண்ணீருக்குள் இருப்பது போல் இருந்தது. ஆட்கள் மெதுவாக வாயசைத்தார்கள்.

பெண்கள் பெட்டியிலிருந்து இறங்கிய கூட்டத்தில் ஒருத்தி விலகி, எங்கள் பெஞ்சின் மறுமுனைக்கு வந்தாள். செருப்பு வார் நழுவியிருந்தது. கையிலிருந்த பையை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக பெஞ்சில் வைத்தாள். பை வேறு. சிவப்புப் பை. நான் எழுந்துவிட்டேன்.

என் முகத்தைப் பார்த்தே ஹெப்சிக்குத் தெரிந்துவிட்டது. "உக்காருங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவள் பக்கம் நகர்ந்தாள்.

"ஏம்மா, தப்பா நெனைக்காத. நாங்க புரசைவாக்கத்திலேர்ந்து வர்றோம். இவரு என் வீட்டுக்காரர். ரயில் ஓட்டுறவரு."

அந்தப் பெண் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். நாற்பது, நாற்பத்திரண்டு இருக்கும். நெற்றியில் சின்ன விபூதிக் கீற்று. என்னைப் பார்த்தாள், பார்த்து, தலையைக் குனிந்துகொண்டாள்.

"அன்னிக்கு... நீங்களா சார்?"

நான் தலையாட்டினேன்.

"போலீசுக்குச் சொல்லிட்டீங்களா?"

"ஐயோ, இல்லம்மா" என்றாள் ஹெப்சி. "நீ நல்லா இருக்கியான்னு பாக்கத்தான் வந்தோம். வேற ஒண்ணும் இல்ல. ஒரு மாசமா இந்த ஊரு பூரா நடந்து தேடுறாரு."

அவள் உட்கார்ந்தாள். பேர் குணவதி என்றாள். நுங்கம்பாக்கத்தில் பெண்கள் விடுதி ஒன்றில் சமையல் வேலை. அக்கா வீட்டோடு நங்கநல்லூரில் இருக்கிறாளாம்.  ஏன் என்று ஹெப்சி கேட்கவில்லை. குணவதியே சொன்னாள்.

"முடிவு பண்ணிட்டெல்லாம் வரல அக்கா. ரொம்ப நாளா மனசு சரியில்ல. நடந்துட்டே இருந்தேன், கால் நின்னுடுச்சு. அவ்ளோதான் தெரியும்."

"இப்ப?"

"சில நாள் பரவால்ல. சில நாள் இல்ல. இல்லாத நாள்ல அக்காகிட்ட வாயைத் திறந்து சொல்லிடணும்னு பேசி வெச்சிருக்கோம். ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டுப் போறா. மாத்திரை சாப்பிடுறேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அந்த ஹாரன் சார்."

"ஹாரனா?"

"நான் ஏதோ பஞ்சுக்குள்ள இருக்கிற மாதிரி இருந்தேன். ஒண்ணுமே கேக்கல. திடீர்னு அந்தச் சத்தம். விடாம. வண்டி நின்ன பின்னாடியும் விடல நீங்க. யாரோ அலறுற மாதிரி இருந்திச்சு. எனக்காக யாரும் அவ்ளோ சத்தமா கத்தினதில்ல சார், பொறந்ததிலேர்ந்து. அதுலதான் முழிச்சேன்."

எனக்கு ஞாபகமில்லை. இப்போதும் இல்லை. நினைத்துப் பார்த்தால் அந்த மாலை சத்தமில்லாமல்தான் வருகிறது. ஆனால் அவள் கேட்டிருக்கிறாள். நான் அழுதேன் என்று ஹெப்சி சொல்கிறாள். கண் எரிந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

ஏதாவது பேச வேண்டும் என்று தோன்றியது. எவ்வளவோ கேட்க இருந்தும் வாயில் வந்தது ஒன்றுதான். "அந்தப் பையில என்னம்மா இருந்துச்சு? அவ்ளோ பத்திரமா வெச்சியே?"

குணவதி யோசித்தாள். பிறகு, வெட்கப்பட்டது போல், சிரித்தாள்.

"ரசம் சார். சாஞ்சா சிந்திடும்."

ஹெப்சி சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். நாங்கள் மூன்று பேரும் அந்த பெஞ்சில் உட்கார்ந்து சிரித்ததை யாராவது பார்த்திருந்தால் ஒரே குடும்பம் என்று நினைத்திருப்பார்கள்.

குணவதி இப்போது தண்டவாளத்தைக் கடந்து போவதில்லையாம். சுரங்கப்பாதை வழியாகச் சுற்றிப் போகிறாள். அவளோடு நடந்தோம். ஹெப்சி என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள். நங்கநல்லூர் தெருக்களில் விளக்குப் போடுகிற நேரம். ஒரு வீட்டில் தோசை சுடும் வாசனை, ஒரு வீட்டில் டியூஷன் பிள்ளைகள் சேர்ந்து ஒப்பிக்கும் சத்தம், ஒரு கோவிலில் மணி. எல்லா வாசலும் எங்கள் பக்கம் திரும்பி இருந்தது.   அந்தத் தெரு முடியாமலே போகட்டும் என்று இருந்தது.

அவள் அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தார். தங்கை இரண்டு பேரோடு வருவதைப் பார்த்துப் பதறி, யார் என்று தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. டீ கொடுத்தார். சர்க்கரை அதிகம். முழுவதும் குடித்தேன். ஹெப்சியும் குணவதியும் போன் நம்பர் வாங்கிக்கொண்டார்கள்.

"எப்ப சார் வண்டி எடுப்பீங்க?" என்று கேட்டாள் குணவதி. "நான் தினம் அதுலதான போறேன்."

"பாக்கலாம்மா" என்றேன்.

திரும்பும்போது ஹெப்சியால் ஒரு அடி எடுத்து வைக்க முடியவில்லை. முழங்கால் பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது. இரண்டு பேருக்கும் டிக்கெட் வாங்கினேன். வண்டி வந்தது. ஏறினோம். அவளை ஜன்னலோரம் உட்கார வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் பிரேக்குக்கு என் கை கம்பிக்குப் போயிற்று. அதைப் பிடுங்கித் தன் கையில் வைத்துக்கொண்டாள் ஹெப்சி. "இதைப் பிடிச்சுக்குங்க. இரும்பை ஏன் பிடிக்கிறீங்க?"

வலித்திருக்கும். அவள் காட்டிக்கொள்ளவில்லை. ஜன்னலில் ஊரின் முதுகு போய்க்கொண்டிருந்தது. விளக்கெரியும் அடுக்களைகள். இப்போது ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு தெரு இருப்பது எனக்குத் தெரியும். கிண்டி வந்தது. சைதாப்பேட்டைப் பாலத்தின் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் தெரியாது.

கண் விழித்தபோது பெட்டி காலி. எழும்பூரைத் தாண்டி, கடற்கரை ஸ்டேஷனுக்கே வந்துவிட்டிருந்தோம்.

"எழுப்ப வேண்டியதுதானே?"

"மனசு வரல" என்றாள் ஹெப்சி. அவள் விரல்கள் சிவந்து கன்றியிருந்தன.

முன்னாலிருந்து ஓட்டி வந்த மோட்டார்மேன், திரும்ப எடுப்பதற்காக மறுமுனைக்குப் போய்க்கொண்டிருந்தார். சம்பத். ஜன்னலில் என்னைப் பார்த்து நின்றான்.

"இன்னா தேவா, பாசஞ்சரா? என் வண்டிலயா தூங்குன?"

"நல்லா ஓட்டினடா" என்றேன். "பிரேக்கே தெரியல."

பிப்ரவரி 19, புதன்

குணவதி போன் செய்தாள். ஹெப்சியோடு வெகுநேரம் பேசினாள். ரசத்துக்குப் புளியா தக்காளியா என்று வாக்குவாதம் வேறு.

பிப்ரவரி 20, வியாழன்

டாக்டரம்மாவை நாளை பார்க்க வேண்டும். மார்ச் முதல் டூட்டிக்குப் போகலாமா என்று கேட்பார். முதல் இரண்டு வாரம் கூட ஒருவர் வருவதாக இருந்தால் போகிறேன் என்று சொல்லப்போகிறேன். பயம் போய்விட்டது என்று சொல்லப்போவதில்லை. கேட்டால், இன்னும் இருக்கிறது என்றே சொல்வேன்.

"பஸ்ஸில போய்டுவீங்கதானே?" என்றாள் ஹெப்சி.

போய்விடலாம். ஆனால் வேப்பேரி வழியாகப் போகும்போது இடதுபக்கம் ஒரு சந்து பிரிகிறது. மூன்று நாளாகக் கண்ணில் படுகிறது. உள்ளே கொஞ்ச தூரத்தில் வளைந்துவிடுவதால் எங்கே போகிறது என்று தெரியவில்லை. நாளைக்குக் கொஞ்சம் முன்னதாகவே கிளம்ப வேண்டும்.